அதிகம் பேர் பார்க்காத வேலைத்தளங்களில் தேடுவதும், தகுதி முழுதாகப் பொருந்தாத வேலைக்குப் போட்டுப் பார்ப்பதும் பலன் தருமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். எலக்ட்ரானிக்ஸில் பி.இ. முடித்திருக்கிறீர்கள். ஒரு சிறிய நிறுவனத்தில் ஒன்றரை ஆண்டு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தீர்கள். அது போய் எட்டு மாதம் ஆகிறது. வீடு மார்த்தாண்டம் பக்கம். குடும்பச் சூழ்நிலையால் சென்னைக்கோ பெங்களூருக்கோ இப்போதைக்குப் போக முடியாது. நவ்க்ரியிலும் லிங்க்ட்இனிலும் நூற்றுக்கணக்கில் அப்ளை செய்தும் பதில் இல்லை. நண்பர் ஒருவர், "யாரும் அதிகம் பார்க்காத சைட்டில் தேடு, தகுதி முழுக்கப் பொருந்தலைன்னாலும் போட்டுப் பாரு" என்கிறார். அது வீண் வேலையா என்று கேட்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, தெரிந்த வழி அடைத்துக் கிடக்கும்போது தெரியாத வழிகளுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம், அவற்றில் எதற்கு ஒதுக்குவது தகும் என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். பல ஆண்டுகளாக வேலைவாய்ப்பு வழிகாட்டல் பணியில் இருப்பதால், இதில் உறுதியாகச் சொல்லக்கூடியவையும் இருக்கின்றன, ஆளுக்கு ஆள் மாறுபவையும் இருக்கின்றன. இரண்டையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

ஒதுக்கலாம் என்பதே என் பதில். ஆனால் ஒரு தளம் பலருக்குத் தெரியாதது என்பதற்காகவே நல்லதாகிவிடாது. அங்கே வரும் அறிவிப்புக்குக் குறைவான பேர் போட்டியிட வேண்டும். வரும் விண்ணப்பத்தை ஆளெடுப்பவரே திறந்து படிக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் உங்களுக்கு லாபம். பெரிய தளங்களில் இரண்டுமே இல்லை. ஒரே க்ளிக்கில் அப்ளை செய்ய முடிகிற இடத்தில் எல்லோரும் க்ளிக் செய்துவிடுகிறார்கள். குவிந்த விண்ணப்பங்களை ஹெச்.ஆர். வரிசையாகப் படிப்பது அபூர்வம். "மேனுவல் டெஸ்டிங், செலினியம், திருவனந்தபுரம், உடனே சேரக்கூடியவர்" என்று தேடுசொற்களைப் போட்டு (செலினியம் என்பது சோதனையைத் தானாக ஓட்டும் மென்பொருள்), அண்மையில் ப்ரொஃபைலைப் புதுப்பித்தவர்களை முதலில் பார்ப்பார். ஆகவே நவ்க்ரியை விட்டுவிட வேண்டாம். அங்கே அப்ளை செய்யும் நேரத்தைக் குறைத்துவிட்டு ப்ரொஃபைலைச் சரிசெய்யுங்கள். விரும்பும் இடம் என்ற கட்டத்தில் நாகர்கோவில் மட்டும் இருந்தால், திருவனந்தபுரத்துக்கு ஆள் தேடுபவரின் பட்டியலில் நீங்கள் வரவே மாட்டீர்கள். திருவனந்தபுரம், நாகர்கோவில், ரிமோட் மூன்றையும் போடுங்கள். நோட்டீஸ் பீரியட் கட்டத்தில் 'உடனே சேரலாம்' என்று இருக்கட்டும். சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு வரியையாவது மாற்றிச் சேமியுங்கள்.

வீடு இருக்கும் இடம் தடையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சாதகமாகத்தான் படுகிறது. மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் சுமார் 40 கிலோமீட்டர்தான். அங்கே கழக்கூட்டத்தில் 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற ஐடி வளாகத்துக்குச் சொந்தமாக இணையதளம் இருக்கிறது. அதில் வேலைவாய்ப்புக்கென்றே ஒரு பக்கம் உண்டு. வளாகத்தில் இயங்கும் நிறுவனங்கள் அங்கே அறிவிப்புப் போடுகின்றன, கடைசித் தேதியும் இருக்கும், பல அறிவிப்புகளில் நேரடி மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். நம் பக்கத்தில் இதைத் தினமும் திறந்து பார்க்கிறவர்கள் குறைவு. கொச்சி இன்ஃபோபார்க்கின் தளத்திலும் இதே வசதி உண்டு. அதே டெக்னோபார்க் தளத்தில் நிறுவனங்களின் முழுப் பட்டியலும் இருக்கிறது. எல்லோருக்கும் பெயர் தெரிந்த பெரிய நிறுவனங்களைத் தள்ளிவைத்துவிட்டு, இருபது பேர் முதல் இருநூறு பேர் வரை வேலை பார்க்கும் நிறுவனங்களாக நாற்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் கேரியர்ஸ் பக்கத்தையும் புக்மார்க் செய்து, வாரம் ஒருமுறை அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். சிறிய நிறுவனங்கள் பல நேரம் தங்கள் பக்கத்தில் மட்டும் அறிவிப்பைப் போட்டுவிட்டு, ஆள் கிடைத்துவிட்டால் வேறெங்கும் போடுவதில்லை.

இதில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. குழித்துறையில் ரயில் ஏறினால் திருவனந்தபுரம் சென்ட்ரல் வரை எளிது. எல்லா வண்டியும் கழக்கூட்டத்தில் நிற்காது. ஷிஃப்ட் இரவு பத்து மணிக்கு முடியும் வேலையென்றால் வீட்டுக்குத் திரும்புவது நடக்காது. ஆகவே முதல் தொலைபேசிப் பேச்சிலேயே ஷிஃப்ட் நேரத்தைக் கேட்டுவிடுங்கள். "நாகர்கோவில் பக்கம், தினமும் வந்து போவீர்களா?" என்று எதிர்ப்பக்கமும் கேட்பார்கள். "முதல் மூன்று மாதம் கழக்கூட்டத்தில் பேயிங் கெஸ்ட் விடுதியில் தங்குகிறேன்" என்பது போல் முடிவான பதில் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். தயங்கினால் அந்த இடத்திலேயே பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். இன்னொன்று, மார்த்தாண்டம் அடங்கிய விளவங்கோடு பக்கத்துக்காரர்களுக்கு மலையாளம் பேச வரும். ஆனால் ரெஸ்யூமேயில் அதை எழுதமாட்டார்கள். எழுதுங்கள். இன்டர்வியூ ஆங்கிலத்தில் நடந்தாலும் டீமுக்குள் பேச்சு மலையாளத்தில்தான் ஓடும் என்பதை எதிரில் இருப்பவர் நன்றாகவே அறிவார்.

அடுத்து, நம் பிள்ளைகள் கவனிக்காமல் விடும் பெரிய வழி, திருவனந்தபுரத்திலுள்ள மத்திய அரசு ஆய்வு நிறுவனங்களின் தற்காலிகப் பணியிடங்கள். கணினித் துறை ஆய்வு மையமான சி-டாக், பாப்பனங்கோட்டிலுள்ள அறிவியல் ஆய்வு நிறுவனமான என்.ஐ.ஐ.எஸ்.டி., ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனம், ராஜீவ்காந்தி உயிரிதொழில்நுட்ப மையம், ஸ்ரீகாரியத்திலுள்ள கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், வலியமலையிலுள்ள விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எஸ்.டி. போன்றவை தங்கள் தளங்களில் திட்டப் பணியாளர் அறிவிப்புகளை வெளியிடும். இவை எந்த வேலைத் தளத்திலும் முறையாக வருவதில்லை. ஒவ்வொரு தளத்தின் ஆட்சேர்ப்புப் பக்கத்தையும் நாமாகத்தான் திறந்து பார்க்க வேண்டும். உங்களுக்கு நேராகப் பொருந்துவது சி-டாக்கின் ப்ராஜெக்ட் இன்ஜினியர் வகையும், மற்ற நிறுவனங்களின் ப்ராஜெக்ட் அசோசியேட்-1 வகையும். இரண்டாவதற்குப் பொறியியல் பட்டமே அடிப்படைத் தகுதி, வயது வரம்பு வழக்கமாக 35. வேலை திட்டம் முடியும்வரைதான். நிரந்தரமாகும் என்று நம்பிச் சேரக்கூடாது. ஆனால் ரெஸ்யூமேயில் இருக்கும் இடைவெளி அடைபடும், அனுபவச் சான்றிதழ் கிடைக்கும்.

இவற்றில் பல, குறிப்பிட்ட நாளில் நேரில் வரச் சொல்லும் வாக்-இன் இன்டர்வியூ. அறிவு போதாமல் திரும்பி வருகிறவர்களுக்குச் சமமாகக் காகிதம் போதாமல் திரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். பதிவு நேரம் காலை பத்து மணி என்றால் பத்து மணிக்கு மூடிவிடுவார்கள். முந்தின நாளே போய்ச் சேருவது நல்லது. அசல் சான்றிதழ், சுய சான்றொப்பமிட்ட நகல் ஒரு செட், புகைப்படம், அறிவிப்பிலுள்ள படிவத்தை அச்செடுத்து நிரப்பியது ஆகிய எல்லாம் கையில் இருக்க வேண்டும். சிஜிபிஏவைச் சதவீதமாக மாற்றும் முறைக்குக் கல்லூரியிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மத்திய நிறுவனங்களில் வயதுத் தளர்வு கேட்பதாக இருந்தால், நம்மூரில் கொடுக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் செல்லாது; மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்தில் விசாரணை முடிந்துதான் வரும். அறிவிப்பைப் பார்த்த பிறகு ஓடினால் கிடைக்காது. இப்போதே போட்டு வையுங்கள்.

மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், கூடங்குளம் அணுமின் நிலையம், மணவாளக்குறிச்சியில் கனிம மணல் எடுக்கும் ஐ.ஆர்.இ.எல். ஆகியவற்றின் அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) அறிவிப்புகளை உங்களுக்கும் யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். பட்டம் பெற்றபின் ஓராண்டு அல்லது அதற்கு மேல் வேலை அனுபவம் உள்ளவர்களுக்குப் பட்டதாரி அப்ரண்டிஸ் தகுதி இல்லை என்று அந்த அறிவிப்புகளில் போட்டிருப்பார்கள். உங்களுக்கு ஒன்றரை ஆண்டு இருக்கிறது. அந்தக் கதவு மூடியதென்று வைத்துக்கொண்டு நேரத்தை மிச்சப்படுத்துங்கள்; அனுபவத்தை மறைத்துச் சேரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பி.எஃப். கணக்கிலேயே தெரிந்துவிடும்.

கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஆட்சேர்ப்பு என்றொரு பக்கம் இருக்கிறது. மாவட்ட நலவாழ்வுச் சங்கம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, சமூக நலத்துறை போன்றவற்றின் ஒப்பந்தப் பணியிடங்கள் அங்கே வரும். டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், கணினி சார்ந்த ஒருங்கிணைப்பாளர் என்று உங்களுக்கு ஒத்துவருபவையும் அவ்வப்போது வரும். தொகுப்பூதியம்தான், அதுவும் குறைவு. படிவத்தை அச்செடுத்து நிரப்பித் தபாலில் அனுப்பவோ நேரில் கொடுக்கவோ வேண்டியிருப்பதால் பலர் சோம்பிவிடுகிறார்கள். உள்ளூர்க்காரருக்கு அதுவே வசதி. உறையின் மேல் பதவியின் பெயரை எழுதுங்கள். கடைசித் தேதிக்குள் தபாலில் சேர்த்தால் போதாது, அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்புத் தளத்திலும், மத்திய அரசு 2015இல் தொடங்கிய நேஷனல் கேரியர் சர்வீஸ் தளத்திலும் பதிவது இலவசம், ஒரு மணி நேர வேலை, பதிந்து வையுங்கள். நாகர்கோவில் கோணத்திலுள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மையம் வெள்ளிக்கிழமைகளில் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் விற்பனை, இன்சூரன்ஸ், மருத்துவமனை, ஓசூர் - ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள். உங்கள் நிலையில் அது இரண்டாம் பட்சம்.

இனி வெளிநாட்டுத் தளங்கள். வீ வொர்க் ரிமோட்லி, ரிமோட் ஓகே, வெல்ஃபவுண்ட், ஹேக்கர் நியூஸில் மாதத் தொடக்கத்தில் வரும் 'யார் ஆளெடுக்கிறார்கள்' என்ற தொடர்பதிவு ஆகியவை உண்மையான தளங்கள். ஆனால் ரிமோட் என்றாலே மார்த்தாண்டத்திலிருந்து பார்க்கலாம் என்று பொருளில்லை. வரிச்சட்டம், ஒப்பந்தச் சிக்கல், நேர வித்தியாசம் காரணமாக அமெரிக்காவுக்குள் மட்டும், ஐரோப்பாவுக்குள் மட்டும் என்று அடியில் போட்டிருப்பார்கள். உலகில் எங்கிருந்தும் அல்லது ஆசிய நேரம் என்று தெளிவாக எழுதியிருப்பதை மட்டும் எடுங்கள். ஒன்றரை ஆண்டு அனுபவத்துக்கு இங்கே கிடைக்கும் வாய்ப்பு மெலிது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதைவிடப் பயனுள்ள ஒரு வழி இருக்கிறது. பல நிறுவனங்கள் ஆளெடுப்பை லீவர், கிரீன்ஹவுஸ் போன்ற மென்பொருள்களின் பக்கங்களில் நடத்துகின்றன. கூகுளில் ஒரு தளத்துக்குள் மட்டும் தேடும் 'சைட்' கட்டளையோடு அந்த முகவரியைப் போட்டு, கியூஏ (டெஸ்டிங் வேலையின் இன்னொரு பெயர்), இந்தியா, ரிமோட் என்று சேர்த்து, கடந்த ஒரு வாரம் என்று வடிகட்டிப் பாருங்கள். வேலைத் தளங்களுக்கு இன்னும் வந்து சேராத அறிவிப்புகள் சில கிடைக்கும்.

தகுதி முழுக்கப் பொருந்தாத வேலைக்குப் போட்டுப் பார்ப்பது பற்றி. அரசு, பொதுத்துறை அறிவிப்பில் வயது, பட்டம், கட்-ஆஃப் தேதி இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் மனு தள்ளுபடிதான், கட்டிய கட்டணமும் திரும்பாது. அங்கே 'போட்டுப் பார்க்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. தனியாரில் அப்படியில்லை, சில வரி இறுக்கம், சில வரி இளக்கம். ஓர் அறிவிப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "கியூஏ இன்ஜினியர், 2–4 ஆண்டு அனுபவம், செலினியம், ஏபிஐ டெஸ்டிங், வங்கித் துறை அறிமுகம் விரும்பத்தக்கது, திருவனந்தபுரம் அலுவலகத்திலிருந்து, உடனே சேர வேண்டும்." ஏபிஐ டெஸ்டிங் என்றால் மென்பொருள்கள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் இணைப்பைச் சோதிப்பது. இந்த அறிவிப்பில் இரண்டு ஆண்டு என்பது இளக்கம், ஒன்றரை ஆண்டு உள்ளவர் தாராளமாகப் போடலாம். விரும்பத்தக்கது என்பது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. செலினியம் இறுக்கம்; அது சுத்தமாகத் தெரியாவிட்டால் முதல் சுற்றிலேயே வெளியே. அலுவலகத்திலிருந்து என்பதும், உடனே என்பதும் இறுக்கம், ஆனால் இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. 'உடனே' என்ற சொல் பல நேரம் வேலையில் இருப்பவர்களை ஒதுக்கிவிடும். எட்டு மாத இடைவெளி அங்கே உங்களுக்குச் சாதகமாகத் திரும்புகிறது. நான்கு முதல் எட்டு ஆண்டு என்று கேட்டால் விட்டுவிடுங்கள், அது வேறு சம்பளம், வேறு பொறுப்பு.

அறிவிப்பே இல்லாத நிறுவனத்துக்கு எழுதும் மின்னஞ்சலைத்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். "மதிப்பிற்குரிய ஐயா, நான் கடின உழைப்பாளி" என்று தொடங்குவதை யாரும் இரண்டாம் வரி வரை படிப்பதில்லை. உங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு: வேலையைச் செய்தே காட்டலாம். அந்த நிறுவனத்தின் ஆப்பை உங்கள் போனில் இறக்கி, சாதாரணப் பயனாளியாக ஒரு மணி நேரம் பயன்படுத்துங்கள். உதாரணமாக, பதிவுப் படிவத்தில் தமிழ்ப் பெயரைத் தட்டினால் சேமிக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை என்று கண்டால், எந்த போன், ஆண்ட்ராய்டின் எந்தப் பதிப்பு, என்னென்ன படிகள், என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது என்று எழுதி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மின்னஞ்சலின் தலைப்பில் "கியூஏ, ஒன்றரை ஆண்டு அனுபவம், உங்கள் ஆப்பில் கண்ட பிழை" என்று இருக்கட்டும். உள்ளே நான்கே விஷயம்: கண்ட பிழை, நீங்கள் யார், திருவனந்தபுரத்தில் எப்போது சேர முடியும், ரெஸ்யூமே இணைப்பு. நூற்றைம்பது சொல்லைத் தாண்ட வேண்டாம். ஹெச்.ஆர். பொது முகவரியைவிட டெஸ்டிங் லீடுக்கோ, சிறிய நிறுவனமென்றால் நிறுவனருக்கோ எழுதுவது மேல். எட்டு வேலை நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதற்குமேல் வேண்டாம். லாகினைத் தாண்டிப் பார்ப்பது, மற்றவர் விவரத்தைத் திறக்க முயல்வது போன்ற பாதுகாப்புச் சோதனைகளில் அனுமதியில்லாமல் இறங்காதீர்கள். 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அது குற்றம்.

இப்படிப்பட்ட மின்னஞ்சலுக்கு நூற்றுக்கு எத்தனை பதில் வரும் என்று யாராவது எண் சொன்னால் நம்ப வேண்டாம். துறைக்குத் துறை, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. செவ்வாய் காலை அனுப்பினால்தான் படிப்பார்கள் என்பது போன்ற நம்பிக்கைகளிலும் எனக்குப் பிடிப்பில்லை. ரெஸ்யூமே விஷயத்தில் மட்டும் உறுதியாகச் சொல்வேன்: ஒரே நெடுவரிசையாகக் கீழ்நோக்கி ஓடும், எழுத்தை நகலெடுக்க முடிகிற பிடிஎஃப் ஆக இருக்க வேண்டும். படமாக ஸ்கேன் செய்ததையும், இரண்டு நெடுவரிசைகளும் நட்சத்திரக் குறிகளுமாக அலங்கரித்ததையும் ஆளெடுப்பு மென்பொருள் தப்பும் தவறுமாகப் படிக்கும்.

எட்டு மாத இடைவெளிக்கு விளக்கம் எழுதுவதைவிட, அதற்குள் ஏதாவது வேலையை வைப்பது நல்லது. யூடெஸ்ட், டெஸ்ட் ஐஓ போன்ற தளங்களில் ஏற்றுக்கொள்ளப்படும் ஒவ்வொரு பிழைக்கும் பணம் தருகிறார்கள். வருமானம் சீராக இராது, அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. லிப்ரே ஆபீஸ் போன்ற திறமூல மென்பொருளின் பிழைப்பதிவுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பங்கெடுக்கலாம். மற்றவர்கள் பதிந்த பிழைகளைப் புதிய பதிப்பில் சோதித்து உறுதிசெய்வதற்கு அங்கே எப்போதும் ஆள் தேவை. அப்படி நீங்கள் செய்த பத்துப் பதிவுகளின் சுட்டி, யாரும் திறந்து சரிபார்க்கக்கூடிய சான்று.

புதிய தளங்களில் இறங்கும்போது ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள். பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், சீருடைக் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது வேலையல்ல. டெலிகிராமில் 'டாஸ்க்' முடித்தால் பணம் என்பதும் அப்படியே. முதலில் சில நூறு ரூபாய் தந்து பிறகு ஆயிரங்களைப் பிடுங்குவார்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும். வெளிநாடு என்றால், ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள்; பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் மறுத்துவிடுங்கள். தாய்லாந்தில் ஐடி வேலை என்று அழைத்துப்போய் மியான்மரில் மோசடி கும்பல்களிடம் இளைஞர்களை அடைத்துவைப்பது பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022இலேயே எச்சரித்தது. கணினி தெரிந்த, வேலையில்லாத, ஆங்கிலம் எழுத வருகிறவர்களைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். அதாவது உங்களைப் போன்றவர்களை. தயவுசெய்து இதில் மட்டும் துணிந்து பார்க்காதீர்கள்.

நேரத்தை இப்படிப் பிரிப்பேன்: வாரத்தில் ஆறு நாள் என்றால், மூன்று நாள் டெக்னோபார்க் பட்டியலுக்கும் அதற்கேற்பத் திருத்தும் ரெஸ்யூமேக்கும், ஒரு நாள் ஆய்வு நிறுவனங்கள், மாவட்டத் தளம், ஒரு நாள் அறிவிப்பில்லாத மின்னஞ்சல்கள், மூன்று அல்லது நான்குக்கு மேல் வேண்டாம், மீதி ஒரு நாளும் மாலை நேரங்களும் படிப்புக்கு. ஒரு கூகுள் ஷீட்டில் தேதி, நிறுவனம், எங்கே பார்த்தது, எந்த ரெஸ்யூமே, என்ன பதில் என்று எழுதி வாருங்கள். முப்பது வரி சேர்ந்ததும் பாருங்கள். எங்கிருந்தும் பதிலே இல்லையென்றால் கோளாறு ரெஸ்யூமேயிலோ மின்னஞ்சலின் முதல் இரண்டு வரியிலோ இருக்கிறது. போன் வந்து அதோடு நின்றுவிட்டால் சம்பளம், ஷிஃப்ட், இடம் பற்றிய உங்கள் பதிலில் தயக்கம் இருக்கிறது. முதல் தொழில்நுட்பச் சுற்றில் திரும்பத் திரும்ப நின்றால் தளத்தை மாற்றிப் பயனில்லை. தேடலை இரண்டு வாரம் பாதியாகக் குறைத்து, போஸ்ட்மேன் என்ற கருவியில் ஏபிஐ டெஸ்டிங், தரவுத்தள அட்டவணைகளை இணைக்கும் எஸ்க்யூஎல் ஜாயின், செலினியத்தில் ஒரு லாகின் பக்கத்தை முழுமையாகச் சோதிக்கும் ஸ்கிரிப்ட் ஆகிய மூன்றையும் கைப்படச் செய்து நிரல்களைப் பொதுவில் வைக்க உதவும் கிட்ஹப் தளத்தில் ஏற்றிவிட்டுத் திரும்ப ஆரம்பியுங்கள்.